நாட்டின் நாணயமும் ரிசர்வ் பாங்கும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடம் சொல்லும் வாத்தியாருக்குப் பணத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று இவ்வவையில் வீற்றிருக்கும் வணிகப் பெருமக்கள் எண்ணுதல் கூடும். பணம் ஈட்டும் வகையை யாம் சொல்ல வந்திலேம். அத்துறையில் யாம் உங்கள்பால் மாணாக்கரே. ஈட்டிய பணம் பெட்டிக்குள் இருக்கும்போதே தேய்ந்துபோவது ஏன், அத்தேய்வைத் தடுத்தற்கு நாட்டில் பொறுப்பாளர் யார், அப்பொறுப்பை அவர் எக்காலத்துச் செவ்வனே ஆற்றினர், எக்காலத்து நழுவவிட்டனர் என்பனவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

நம் மொழியில் நாணயம் என்னும் ஒரே சொல் கையிலுள்ள காசையும் குறிக்கும்; மனிதனது வாக்குத் தவறாமையையும் குறிக்கும். "அவர் நாணயஸ்தர்" என்றால், அவரிடம் காசு இருக்கிறது என்று நாம் பொருள் கொள்வதில்லை. வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர் என்றே கொள்கின்றோம். காசின் மதிப்பும் அத்தகைய ஒரு வாக்கே. அவ்வாக்கை அரசு காப்பாற்றுமென்று மக்கள் நம்பும் வரையில் காசு செல்லும். நம்பிக்கை தளர்ந்தால் பொற்காசே ஆயினும் வணிகன் உரைத்துப் பார்த்தே வாங்குவான்.

இதற்குப் பழைய சான்று ஒன்று நம் நாட்டு மண்ணிலேயே உண்டு. கொங்கு நாட்டுப் பகுதிகளிற் புதையல்களாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளிற் பெரும்பாலன அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளின் காலத்தன. கி.பி. 64-ஐ ஒட்டி நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். அவனுக்குப் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் நம் பக்கத்தில் அருகியே கிடைக்கின்றன. மிளகுக்கு விலை பேசிய நம் முன்னோர் மாற்றுக் குறைந்த காசை ஏற்க மறுத்ததே காரணம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். வேறு காரணங் கூறுவாரும் உளர். எங்ஙனமாயினும், செலவு மிகுந்த அரசன் வரி கேட்க அஞ்சிக் காசிற் கைவைத்தல் புதிய வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

அக்காலத்து அரசனுக்குக் காசைக் கெடுக்கச் செம்பாவது வேண்டியிருந்தது. இக்காலத்துக்குத் தாளும் மையும் போதும். தாளும் வேண்டா; கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதினாற் போதும். நம் ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். அதிற் குறித்த தொகையைக் கொடுப்பதாக ரிசர்வ் பாங்கின் கவர்னர் கையொப்பமிட்டு உறுதி கூறுகின்றார். ஒரு ரூபாய்த் தாளில் மட்டும் அவ்வுறுதி இல்லை. அது சர்க்காரே வெளியிடுவது, நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுவது. ஒரு தாள் சர்க்காருடையது, ஏனைய தாள்கள் பாங்கினுடையவை என்னும் இந்த வேற்றுமை சிறிதாகத் தோன்றினும், யாம் சொல்ல வந்த கதை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கின்றது.

மத்திய பாங்கு ஒன்றின் தொழிலை ஊர் ஏரியைக் கொண்டு எளிதில் உணரலாம். ஏரியில் நீர் உண்டு. கீழே வயல்கள் உண்டு. இடையில் மதகு உண்டு. மதகை அகலத் திறந்தால் வயல் மூழ்கும். மூடியே வைத்தாற் பயிர் கருகும். பாங்குகள் ரிசர்வ் பாங்கிடம் குறுகிய காலத்துக்குக் கடன் பெறும் வட்டியை ரெப்போ வட்டி என்பர். அதைக் குறைத்தால் பாங்குகள் கடனை எளிதிற் கொடுக்கும், கடைவீதியிற் பணம் பெருகும். கூட்டினால் கடன் அருகும், வாங்குவோர் கை சுருங்கும், விலையேற்றம் தணியும். 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாயிருந்த அவ்வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆக ஏற்றப்பெற்றது. வீட்டுக்கடன் வாங்கியிருந்த நம்மவர் பலருக்குத் தவணை மாதங்கள் ஏன் நீண்டன என்பது இப்போது விளங்கும்.

நீர்க்கட்டி என்பாரை நீங்கள் அறிவீர்கள். மதகைத் திறக்கவும் மூடவும் வாய்க்காலில் முறை வைக்கவும் ஊரார் நியமிக்கும் ஆள் அவர். அவ்வேலையை அந்த ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. காரணம் சொல்ல வேண்டுவதில்லை. ஊரிலேயே பெருநிலக்காரர் கையில் மதகின் சாவி இருந்தால் கடைமடைக்காரன் கதி என்னாகும்? பணமாகிய ஏரிக்குக் கீழே பெருநிலக்காரர் யாரெனில், சர்க்காரே. நாட்டில் எவரினும் மிகுதியாகக் கடன் வாங்குவது சர்க்கார்தான். ஆதலின் மதகு யார் கையில் என்ற வழக்கு, பாங்கு பிறந்த நாள்முதல் இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

ரிசர்வ் பாங்கு 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1935 ஏப்ரல் முதல் நாள் ஐந்து கோடி ரூபாய் மூலதனத்தோடு பங்குதாரர்களின் பாங்காகத் தொடங்கப்பெற்றது. முதற் கவர்னர் ஸர் ஆஸ்போர்ன் ஸ்மித்துக்கும் அந்நாளைய நிதி அங்கத்தினர் ஸர் ஜேம்ஸ் கிரிக்குக்கும் வட்டி விகிதத்திலும் ரூபாயின் மாற்று விகிதத்திலும் ஒத்துப்போகவில்லை. 1937-ல் கவர்னர் பதவி நீங்கினார். குழந்தை தவழுமுன்னரே தொடங்கிற்று பூசல்.

பின்னர் 1939-ல் யுத்தம் வந்தது. ஆங்கில சர்க்கார் யுத்தத்துக்கென நம் நாட்டில் நெல்லும் துணியும் தோலும் மரமும் கொள்முதல் செய்தது. அதற்கு விலையாக லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைத்தது. அவ்வரவை ஈடாகக் கொண்டு இங்கே ரிசர்வ் பாங்கு ரூபாய்த் தாள் அச்சிட்டது. யுத்தத் தொடக்கத்தில் இருநூறு கோடி ரூபாய்க்கும் குறைவாயிருந்த தாள் நாணயம் 1945-ல் ஆயிரத்து நூறு கோடிக்கு மேல் ஆயிற்று. பொருள் கப்பலேறிப் போயிற்று. தாள் ஊரில் தங்கிற்று. இருந்த சிறிது நெல்லை அவ்வளவு தாளும் துரத்தினால் விலை என்னாகும்? 1943-ல் வங்காளத்திற் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நெல் விளைவுக் குறைவினும், யுத்தப் பணத்தால் விலை ஏறிக் கூலிக்காரன் வாங்கும் சக்தி இற்றுப்போனதே அப்பஞ்சத்துக்குப் பெருங்காரணம் என்று அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார். பண வீக்கம் என்பது பத்திரிகையிற் காணும் ஒரு எண் என்று இனி எவரேனும் சொன்னால், அவர்க்கு இவ்வாண்டைச் சுட்டிக் காட்டுக.

சுதந்திரத்திற்குப் பின் 1949 ஜனவரி முதல் நாள் பாங்கு நாட்டுடைமை ஆயிற்று. ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் வேண்டும்; வரி போதவில்லை. அணை கட்ட வேண்டும், இரும்பாலை வேண்டும், பள்ளி வேண்டும். வேண்டா என்பார் யார்? 1955-ல் சர்க்காரும் பாங்கும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. பாங்கிலுள்ள சர்க்கார் கணக்கில் இருப்பு ஐம்பது கோடிக்குக் கீழே இறங்கினால், உடனே ‘அட்-ஹாக்’ என்னும் கருவூல உண்டியல்கள் தாமே பிறக்கும். அவற்றைப் பாங்கு ஏற்றுப் பணம் வரவு வைக்கும். அவசரத்துக்குக் கைமாற்றாக எண்ணிய ஏற்பாடு அது. கைமாற்று, காலப்போக்கில் தீராக் கடனாயிற்று. தவணை வந்தால் பழைய உண்டியலுக்குப் புதிய உண்டியல். இவ்வாறு நாற்பத்திரண்டு ஆண்டுகள் நடந்தது. 1974 முதல் அதற்கு வட்டி 4.6 சதவீதம் என்று நிலைநிறுத்தப்பெற்றது. சந்தையில் வட்டி அதனினும் இருமடங்குக்கு மேல் ஏறிய காலத்தும் சர்க்காருக்கு அதே 4.6. இவ்வவையில் எந்த வணிகருக்காவது அப்படிக் கடன் கொடுப்பார் கிடைத்ததுண்டா?

அந்நாட்களில் தடுத்துப் பேசினாரும் இல்லாமற் போகவில்லை. 1956-ல் நிதி மந்திரியாயிருந்த சென்னை டி. டி. கிருஷ்ணமாசாரி உண்டியல்கள்மீது முத்திரைத் தீர்வையை உயர்த்தினார். அதனால் வட்டியே உயர்ந்ததற்கு ஒப்பாயிற்று. வட்டி நிர்ணயம் பாங்கின் அதிகாரமன்றோ என்று கவர்னர் ஸர் பெனகல் ராம ராவ் எதிர்த்தார். பிரதமர் நேரு மந்திரியின் பக்கமே நின்றார். 1957 ஜனவரியில் ராம ராவ் விலகினார். டி. டி. கே. நம் மாநிலத்தவர் என்பதற்காக யாம் அவர் பக்கம் பேசமாட்டோம். இவ்வழக்கில் நியாயம் ராம ராவிடமே இருந்தது என்பது எம் துணிபு.

விளைவு என்ன? வறட்சியும் எண்ணெய் விலையேற்றமும் கூடிய 1974-ல் விலைவாசி ஏற்றம் 25 சதவீதத்தைக் கடந்தது. பழியெல்லாம் அட்-ஹாக் உண்டியல்மேல் ஏற்றுதல் நியாயமன்று. ஆயினும் உலர்ந்த வைக்கோலைக் குவித்து வைத்தவர் தீப்பொறியை மட்டும் நோவதிற் பயனில்லை.

இவ்விடத்தில் நம் வீட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1972-ல் நம் இனத்துப் பெரியவர் ஒருவர் சங்கத்துக் கல்வி நிதிக்குப் பத்தாயிரம் ரூபாய் அறக்கட்டளை வைத்தார். ஆண்டு வட்டி ஏறக்குறைய எழுநூறு ரூபாய். அது இரண்டு ஏழை மாணாக்கரின் விடுதிச் செலவுக்குச் சரியாயிருந்ததென்று பழைய கணக்குப் புத்தகம் காட்டுகின்றது. மூலதனத்தில் இன்றும் ஒரு காசு குறையவில்லை. பொருளாளர்கள் பலர் மாறியும் ஒருவர்மீதும் ஒரு சொல் இல்லை. ஆயினும் இன்று அவ்வட்டி ஒரு மாணவனுக்குப் புத்தகப் பையும் செருப்பும் வாங்கப் போதவில்லை. திருடன் வரவில்லை, பூட்டும் உடையவில்லை, பொருள் மட்டும் போயிற்று! வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டதே நம் பக்கத்துக் குறை. விலைவாசி ஏறிய அளவுக்கு வட்டியில் ஒரு பகுதியை மூலதனத்திற் சேர்த்த பின்னரே எஞ்சியதைச் செலவிட வேண்டுமென்று செயற்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். அங்ஙனம் செய்தால் இவ்வாண்டு உதவி பெறும் பிள்ளைகளின் தொகை சற்றுக் குறையும். வாசலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் இல்லையென்று சொல்லுதல் எளிதன்று. எனினும் இன்னும் இருபது ஆண்டு கழித்து வரும் பிள்ளைக்கும் நாம் கடன்பட்டவர்களே. அன்பர்கள் ஆழ்ந்து எண்ணி வாக்களிப்பார்களாக.

நிற்க. 1991-ல் மற்றொரு வகையிற் சோதனை வந்தது. வளைகுடா யுத்தத்தால் எண்ணெய் விலை ஏறிற்று. அயல்நாட்டுக் கடனுக்குத் தவணை வந்தது. அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமென்ற நிலை. மே மாதத்தில் ஸ்டேட் பாங்கு வாயிலாக 20 டன் பொன் ஸ்விட்ஜர்லாந்துக்குப் போயிற்று. ஜூலையில் ரிசர்வ் பாங்கின் பொன்னிலிருந்து ஏறக்குறைய 47 டன் லண்டனுக்கு விமானத்திற் சென்றது. அப்போது கவர்னராயிருந்தவர் நாகர்கோயிலிற் பிறந்த எஸ். வெங்கிட்டரமணன். தாலிப்பொன்னை அடகு வைத்துத் தவணை கட்டியதுபோல நாடு நாணிற்று என்பது உண்மை. தவணை தவறவில்லை என்பதும் உண்மை.

அவ்வவமானத்திற் பிறந்த நன்மைகளுள் ஒன்று, மதகின் சாவி கைமாறியது. 1994 செப்டம்பரில் நிதி மந்திரி மன்மோகன் சிங் காலத்தில், சி. ரங்கராஜன் கவர்னராயிருக்க, அட்-ஹாக் உண்டியலை மூன்றாண்டிற் படிப்படியாக ஒழிப்பதென்று உடன்படிக்கை ஆயிற்று. 1997 ஏப்ரல் முதல் அது ஒழிந்தது. சர்க்காருக்கு வரவு செலவு இடைவெளிக்கு ஓர் எல்லைக்குட்பட்ட கைமாற்று மட்டும் நின்றது. 2003-ல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006 ஏப்ரல் முதல் சர்க்கார் வெளியிடும் கடன் பத்திரங்களை ரிசர்வ் பாங்கு நேரே வாங்குதலும் பொதுவாக நின்றது. 2016-ல் சட்டந் திருத்தி, விலைவாசி ஏற்றம் 4 சதவீதமாயிருத்தல் வேண்டும், 2-க்குக் கீழும் 6-க்கு மேலும் போகலாகாது என்று குறி வகுத்தனர். வட்டியை நிர்ணயிக்க அறுவர் குழு. மூவர் பாங்கினர், மூவர் சர்க்கார் நியமித்த அறிஞர். தொடர்ந்து மூன்று காலாண்டு குறி தவறினால் பாங்கு சர்க்காருக்குக் காரணம் எழுதிக் கொடுத்தல் வேண்டும். 2022-ல் அங்ஙனமே தவறிற்று. காரணமும் எழுதிக் கொடுக்கப்பெற்றது. ஆனால் அக்கடிதத்தை மக்களுக்கு வெளியிட்டிலர். பணம் மக்களுடையதாயிருக்க, அது தேய்ந்த காரணம் மட்டும் இரகசியமாயிருப்பது எமக்கு உடன்பாடன்று.

மதகு கையை விட்டுப் போனால் என்னாகும் என்பதற்குத் தூரதேசம் போக வேண்டுவதில்லை. ஜிம்பாப்வேயில் 2009-ல் நூறு இலட்சம் கோடி டாலர் என்று ஒரே தாளில் அச்சிட்டனர் என்பதை நாம் வேடிக்கையாகப் படித்தோம். 2022-ல் இலங்கையில் நடந்தது வேடிக்கையாயில்லை. அங்கே நம் உறவினர் இருக்கின்றனர். அந்நாட்டு மத்திய பாங்கு 1950-ல் தொடங்கப்பெற்றது. நெடுங்காலம் நற்பெயரோடு இருந்தது. 2019 இறுதியில் சர்க்கார் வரிகளைப் பெரிதுங் குறைத்தது. மதிப்புக்கூட்டு வரி 15-லிருந்து 8 ஆயிற்று. அடுத்து வந்த தொற்றுநோய் சுற்றுலா வருவாயை நிறுத்திற்று. வரி வரவில்லை, செலவு நிற்கவில்லை; குறையை மத்திய பாங்கு கருவூல உண்டியல்களை வாங்கி நிரப்பிற்று. ஒருபுறம் ரூபாயைப் பெருக்கிக்கொண்டே மறுபுறம் டாலர் ஒன்றுக்கு 200 ரூபாயளவில் மாற்று விகிதத்தை வலிந்து பிடித்திருந்தனர். கையிருந்த டாலர் கரைந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டனர். மே மாதத்தில் டாலர் 360 ரூபாய் ஆயிற்று. ஏப்ரல் 12-ஆம் நாள் அயல்நாட்டுக் கடனைக் கொடுக்க இயலாதென்று அந்நாடு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டு முன்னிருந்ததினும் 69.8 சதவீதம் ஏறியிருந்தது.

மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பால்மாவும் அரிசியும் வாங்க வகையின்றிக் கைக்குழந்தைகளோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்களை நாம் மறக்கவில்லை. போர்க்காலத்தில் குண்டுக்கு அஞ்சி வந்தனர். இம்முறை விலைக்கு அஞ்சி வந்தனர். நம் மாநிலத்திலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலிற் போயின.

புதிய கவர்னர் நந்தலால் வீரசிங்க பதவியேற்றவுடன், ஏப்ரல் 8-ஆம் நாள், ஒரே நாளில் வட்டியை 7 சதவீத அளவு உயர்த்தினார். கடன் வாங்கியிருந்த சிறு முதலாளிகள் பலர் அதனால் நொடித்தனர். 2023 செப்டம்பரில் விலையேற்றம் 1.3 சதவீதத்துக்கு இறங்கிற்று. சர்க்காருக்குப் பாங்கு பணம் அச்சிட்டுக் கொடுத்தலைத் தடுக்கும் புதிய சட்டமும் அம்மாதமே நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒன்று கவனிக்க. ஏற்றம் நின்றதேயன்றி, ஏறிய விலை இறங்கவில்லை. எழுபது வயது ஓய்வூதியக்காரர் தேய்ந்த சேமிப்போடேயே நின்றார்.

இனி மறுபக்கத்தையும் கூறாதிருத்தல் முறையன்று. வட்டியை ஏற்றுதல் எல்லா நோய்க்கும் மருந்தாகாது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நம் விலைக் குறியீட்டில் ஏறக்குறையப் பாதி உணவுப் பண்டங்களாயிருந்தன. மழை பொய்த்துத் தக்காளி விலை ஏறினால் மும்பையில் வட்டியை ஏற்றுவதால் தக்காளி காய்க்குமா? அதனாற் சிறு தொழிலாளிக்குக் கடன் கிடையாமற் போவதே மிச்சம். ‘குறி நான்கு’ என்று அதையே ஜபித்துக்கொண்டு வேலையில்லாதோரை மறப்பது பிழையென்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. 1969 ஜூலையில் பதினான்கு பாங்குகள் நாட்டுடைமையானபின் பாங்கின் வாசலை மிதித்தறியாத உழவரும் கைத்தொழிலாளரும் கடன் பெற்றனர்; நம் இனத்திலும் அதனால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. வளரும் நாட்டின் மத்திய பாங்கு, ஏரி நிரம்பிய நாட்டின் பாங்கைப் போலக் கைகட்டி இருக்க இயலாது. புதிய மடைகளையும் அதுவே வெட்ட வேண்டும். கடைமடைக்கு நீர் விடுதல் வேறு, கரையை உடைத்தல் வேறு என்பதே எம் கருத்து.

முடிக்குமுன் தாய்மார்கள் பொருட்டு ஒரு செய்தி. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோதும், 1938-ல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் பாங்கு முறிந்தபோதும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் தெருவில் நின்றனர். 1960-ல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பெற்ற பின்னரே சர்க்கார் விழித்து, 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்பீடு ஏற்படுத்திற்று. அன்று எல்லை 1,500 ரூபாய். 1993-ல் ஒரு இலட்சம். 2020 பிப்ரவரியில் ஐந்து இலட்சம் ஆயிற்று. இது ஒருவருக்கு ஒரு பாங்கில், அசலும் வட்டியும் சேர்ந்த கணக்கு. ஒரே பாங்கின் பல கிளைகளிற் போட்டாலும் ஒரே கணக்காகவே கொள்வர். கூட்டுறவு பாங்குகளுக்கும் இது உண்டு. தெருமுனையில் இரட்டை வட்டி தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் நிதிக் கம்பெனிகளுக்கும் சீட்டுக் கம்பெனிகளுக்கும், கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இக்காப்பீடு இல்லை. பணம் கட்டுமுன் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். உண்டென்பாராயின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குவாராயின், பெண்ணின் கலியாணத்துக்கென்று வைத்த பணத்தை அங்கே கொடுக்க வேண்டா.